ஊட்டியில் மைனஸ் 0.23

ஊட்டி தாவரவியல் பூங்காவுக்குப் பக்கத்தில் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, அம்மா பையிலிருந்து ஸ்வெட்டரைத் தேடி எடுக்கும்வரை என்ஜினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தேன். டாஷ்போர்டில் மாட்டியிருந்த போனில், டர்போ என்ஜினுக்குள் எவ்வளவு அழுத்தத்தில் காற்றைத் தள்ளுகிறது என்று காட்டும் மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. முள் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கி மைனஸ் 0.23 பார் என்று நின்றது. கோயம்புத்தூரில் வீட்டு வாசலில் ஐடிலில் நிற்கும்போது அது மைனஸ் 0.04 காட்டும், அதை நான் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொண்டதில்லை. இப்போது 0.23. அதற்கு அரை மணி நேரம் முன்பு, ஊட்டியை நெருங்கும் ஒரு நேர் ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டரை முழுசாக மிதித்தபோதும் மீட்டர் 1.11 பாருக்கு மேல் போகவில்லை. கீழே 1.33 காட்டும் வண்டி அது.

வண்டி வாங்கி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. 1.5 லிட்டர் டர்போ டீசல், இரண்டாம் கை, 62,000 கிலோமீட்டர் ஓடியது. சேமிப்பில் பெரும்பகுதி அதில் போயிருந்தது. பூங்காவில் அம்மா பூக்களைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் டர்போ மாற்ற எவ்வளவு ஆகும் என்று போனில் தேடிக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை ஒரு பெரிய பட்டறைக்குக் கொண்டுபோனேன். பானெட்டைத் திறந்து பார்த்தார்கள், ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்தார்கள். "டர்போ வீக் ஆயிடுச்சு சார், அசெம்பிளியோட மாத்தணும்" என்று 58,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் கொடுத்தார்கள். என் மீட்டரும் அதையே சொல்வதாகத்தான் நான் நம்பினேன். கையெழுத்துப் போடாமல் வந்ததற்கு ஒரே காரணம், அந்த மாதம் கையில் பணம் இல்லை.

அலுவலகத்தில் கூட வேலை பார்ப்பவர் ஒருவர்தான் கணபதி பகுதியில் இருக்கும் ஒரு சின்னப் பட்டறைக்கு வழி சொன்னார். அங்கே இருந்த மெக்கானிக் அண்ணன் நான் சொன்னதை முழுசாகக் கேட்டார். அப்புறம் ஸ்கேனரை மாட்டிவிட்டுச் சொன்னார்: "சாவி மட்டும் போடுங்க தம்பி. ஸ்டார்ட் பண்ண வேண்டாம்."

ஸ்கேனர் திரையில் இன்டேக் அழுத்தம் 97 கிலோபாஸ்கல். அதற்குக் கீழே வெளிக்காற்றின் அழுத்தம், அதுவும் 97.

"டர்போ சுத்தவே இல்லீங்க. அப்பவே 97 காட்டுது பாத்தீங்களா? இது டர்போ குடுத்த காத்து இல்லீங்க தம்பி, இது நம்மூரு காத்து. இதைக் கழிச்சுட்டு மிச்சம் வர்றதுதான் டர்போ குடுத்தது. உங்க போன்ல எதைக் கழிக்குதுன்னு மொதல்ல பாருங்க."

என்ஜினுக்குள் போகும் காற்றை அளப்பது எம்ஏபி சென்சார். அது சொல்வது முழு அழுத்தம். அதாவது, வெற்றிடத்தைப் பூஜ்யமாக வைத்து அளந்தது. கடல் மட்டத்தில் காற்று தானாகவே 101 கிலோபாஸ்கல் அளவுக்கு நம்மை அழுத்திக்கொண்டிருக்கிறது. கோயம்புத்தூர் நானூறு மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே 96, 97. ஊட்டி 2,240 மீட்டர். அங்கே 77, 78தான். பூஸ்ட் என்று நாம் சொல்வது, எம்ஏபி அளவிலிருந்து அந்த இடத்து வெளிக்காற்றைக் கழித்தால் வருவது. என் ஆப் எந்த ஊரில் இருந்தாலும் கடல் மட்டத்து 101ஐயே கழித்துக்கொண்டிருந்தது.

ஊட்டி ஐடிலில் மைனஸ் 0.23 வந்தது இதனால்தான். 78இலிருந்து 101ஐக் கழித்தால் மைனஸ் 23 கிலோபாஸ்கல். என் டீசல் என்ஜினில் ஐடிலில் காற்றை அடைக்கும் வேலை இல்லை. எவ்வளவு டீசல் பீய்ச்சுவது என்பதை வைத்துத்தான் அது சக்தியைக் கட்டுப்படுத்துகிறது. ஆகவே ஐடிலில் எம்ஏபி அளவு வெளிக்காற்றை ஒட்டியே நிற்க வேண்டும். ஐடிலில் டீசல் வண்டி பெரிய மைனஸ் காட்டினால் சந்தேகப்பட வேண்டியது முதலில் மீட்டரை. கோயம்புத்தூரிலேயே அந்த மைனஸ் 0.04 எனக்கு இதைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது.

அன்று மாலையே ஆப்பில் பூஸ்ட் என்ற மீட்டரை எடுத்துவிட்டேன். எம்ஏபி ஒன்று, வெளிக்காற்று ஒன்று என இரண்டையும் கிலோபாஸ்கலில் தனித்தனியாக வைத்துக்கொண்டேன். கழிப்பதை நானே செய்துகொள்கிறேன்.

அடுத்த முறை ஊட்டி போனபோது அண்ணனிடமிருந்து ஸ்கேனரை வாங்கிக்கொண்டு, தம்பியைப் பக்கத்தில் உட்காரவைத்துக் குறிக்கச் சொன்னேன். முழு மிதியில் எம்ஏபி 212. வெளிக்காற்று 78. டர்போ கொடுத்தது 134, அதாவது 1.34 பார். கோயம்புத்தூரில் 234இலிருந்து 97ஐக் கழித்தால் 137. மலையில் டர்போ செத்துவிட்டது என்று நான் நினைத்தேனே, அது கீழே கொடுக்கும் பூஸ்டில் கிட்டத்தட்ட முழுவதையும் மேலேயும் கொடுத்துக்கொண்டுதான் இருந்தது. இன்னும் சொன்னால் மேலே அதன் உழைப்பு அதிகம். கோயம்புத்தூரில் வெளிக்காற்றை 2.4 மடங்காக அமுக்குகிறது. ஊட்டியில் 2.7 மடங்கு. மெல்லிய காற்றை அமுக்க அது இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும். இந்த அளவு டர்போக்கள் நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்று வரை போகக்கூடியவை; அதற்கு மேல் போய்ச் சிதறாமல் இருக்கத்தான் உயரத்தில், என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூ, தான் கேட்கும் அழுத்தத்தையே குறைத்துக்கொள்கிறது. ஸ்கேனரில் அதுவும் தெரிந்தது: ஈசியூ கேட்டது 214, கிடைத்தது 212.

கேட்டது எவ்வளவு, கிடைத்தது எவ்வளவு. டர்போ வண்டியைப் பற்றி நான் கற்றவற்றில் மிகவும் பயன்பட்டது இந்த இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான். 1.3 பார் என்பது நல்லதா கெட்டதா என்று யாராலும் தனியாகச் சொல்ல முடியாது. ஈசியூ 1.3 கேட்டிருந்தால் நல்லது. 1.5 கேட்டு 1.3 வந்திருந்தால் எங்கோ கோளாறு. 1.1 கேட்டு 1.3 வந்திருந்தால் அது இன்னும் அவசரமான கோளாறு. வண்டியின் சோதனை சாக்கெட்டிலிருந்து எண்களைப் படிக்கும் சாதாரண ஓபிடி ஆப்களில் பெரும்பாலும் கிடைத்த அளவு மட்டும்தான் தெரியும். கேட்ட அளவைப் பார்க்க அந்தந்தக் கம்பெனி வண்டிக்கான ஸ்கேனரோ, அந்தக் கம்பெனிக்குரிய குறியீடுகளைப் படிக்கும் ஆப்போ வேண்டும். பட்டறையில் டர்போ போய்விட்டது என்று சொன்னால் "கேட்டதும் கிடைத்ததும் எவ்வளவுங்க, காட்டுங்க" என்று தயங்காமல் கேளுங்கள். ஐந்து நிமிட வேலை.

மலைக்கும் டர்போவுக்கும் உள்ள உறவு பழையது என்பதைப் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். டர்போவுக்கு சுவிட்சர்லாந்துக்காரர் ஆல்ஃபிரட் பூக்கி 1905இல் காப்புரிமை பெற்றார். உயரப் பறக்கும் விமானங்களுக்கு மூச்சு முட்டாமல் இருக்க அதைப் பயன்படுத்த முடியுமா என்று பார்க்க, 1918இல் ஜெனரல் எலக்ட்ரிக்கின் சான்ஃபோர்ட் மாஸ் ஒரு லிபர்ட்டி விமான என்ஜினை லாரியில் ஏற்றி, அமெரிக்காவின் கொலராடோவில் உள்ள பைக்ஸ் பீக் மலை உச்சிக்குக் கொண்டுபோனார். 14,000 அடி உயரம். கீழே சுமார் 350 குதிரைத்திறன் கொடுத்த என்ஜின் அங்கே டர்போ இல்லாமல் 230தான் கொடுத்தது. டர்போவோடு 356. அந்தக் கணக்கை என் வண்டிக்குப் போட்டுப் பார்த்தேன். டர்போ இல்லாத என்ஜினாக இருந்தால் கோயம்புத்தூரிலிருந்து ஊட்டிக்குப் போகும்போது காற்று 97இலிருந்து 78 ஆகும், ஐந்தில் ஒரு பங்கு இழப்பு. எனக்கு 234 என்பது 212 ஆனது, ஒன்பது சதவீதம்தான். ஊட்டி ஏற்றத்தில் பழைய பெட்ரோல் கார்கள் திணறும்போது சின்ன டீசல் கார்கள் இழுத்துக்கொண்டு போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அளவுகளின் குழப்பம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒருவர் 20 என்பார், அது பிஎஸ்ஐ. இன்னொருவர் 1.37 என்பார், அது பார். மூன்றாமவர் 2.35 என்பார், அது வெளிக்காற்றையும் சேர்த்த முழு அழுத்தம். மூன்றும் ஏறக்குறைய ஒரே வண்டி! ஒரு பார் என்பது 100 கிலோபாஸ்கல், 14.5 பிஎஸ்ஐ. வெளிக்காற்று கழித்ததா கழிக்காததா என்று கேட்காமல் இன்னொருவர் வண்டியோடு ஒப்பிட்டால் வீண் மனக்கஷ்டம்தான். இன்னொன்று: ஓபிடியின் பொதுவான எம்ஏபி அளவு ஒரே பைட்டில் வருகிறது, 0 முதல் 255 கிலோபாஸ்கல் வரைதான் அதில் அடங்கும். கொஞ்சம் பெரிய டீசல் வண்டிகளில் வரைபடக் கோடு 255இல் தட்டையாக நின்றால், அழுத்தம் அங்கே நின்றுவிட்டது என்று அர்த்தமில்லை. எண்ணுக்கு அதற்கு மேல் இடமில்லை, அவ்வளவுதான்.

பூஸ்ட் அதிகம் என்றால் காற்று அதிகம் என்றும் நான் நினைத்திருந்தேன். டர்போ தள்ளும் காற்றை என்ஜினால் உடனே முழுவதும் விழுங்க முடிவதில்லை. அப்படித் தேங்கி நெருக்குவதைத்தான் மீட்டர் அழுத்தமாகக் காட்டுகிறது. எவ்வளவு காற்று உள்ளே போகிறது என்பதற்கு அழுத்தத்தோடு சூட்டையும் பார்க்க வேண்டும். 35 டிகிரி காற்றை 2.4 மடங்காக அமுக்கினால் அது 150 டிகிரியைத் தாண்டிவிடும். அதைக் குளிர்விக்கத்தான் இன்டர்கூலர். டிசம்பர் மாதம் ஒரு விடிகாலையில் பைபாஸில் எடுத்த அளவில் இன்டர்கூலரைத் தாண்டி வந்த காற்று 41 டிகிரி, எம்ஏபி 234. ஏப்ரல் மாதம் மதியம் அதே இடம், அதே 234, ஆனால் காற்று 68 டிகிரி. மீட்டரைப் பார்த்தால் இரண்டும் ஒன்று. உள்ளே போன காற்றோ மதியத்தில் எட்டு சதவீதம் குறைவு. வெயில் காலத்தில் பிக்கப் மந்தமாக இருக்கிறது என்று ஓட்டுநர்கள் சொல்வது மனப்பிரமை இல்லை.

இப்போது நான் அளக்கும் முறையைச் சொல்கிறேன். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, ஞாயிறு விடிகாலை, நீலாம்பூர் பைபாஸில் வண்டி இல்லாத ஒரு சமதளத் துண்டு. முதலில் வீட்டிலேயே, இரவு நின்ற வண்டியில் சாவி மட்டும் போட்டு எம்ஏபியும் வெளிக்காற்றும் ஒத்திருக்கிறதா என்று பார்ப்பேன். இரண்டுக்கும் மூன்று நான்கு கிலோபாஸ்கலுக்கு மேல் வித்தியாசம் வந்தால் சென்சாரைக் கழற்றித் துடைக்க வேண்டும். டீசல் வண்டியில் புகைக்கரியும் ஆயிலும் சேர்ந்து அதன் வாயை அடைத்துவிடும். சென்சாரே சரியில்லாமல் அதற்குப் பிறகு எடுக்கும் எந்த அளவுக்கும் மதிப்பில்லை.

என்ஜின் நன்றாகச் சூடானதும், மூன்றாவது கியரில் 1,500 ஆர்பிஎம்மில் நிதானமாகப் போய், அங்கிருந்து முழு மிதி, 3,500 வரை. ஏழெட்டு விநாடிதான் ஆகும். ஆப் தானாகப் பதிவு செய்துகொள்ளும். ஓட்டும்போது திரையைப் பார்க்கவே மாட்டேன். தம்பி கூட வந்தால் அவன் பார்ப்பான். மூன்றாவது கியரை எடுத்ததற்குக் காரணம், முதல் இரண்டு கியர்களில் ஆர்பிஎம் சட்டென்று ஏறிவிடும், டர்போ எட்டிப் பிடிப்பதற்குள் முடிந்துவிடும். நான்காவதில் வேகம் அதிகமாகிவிடும்.

ஆரம்பத்தில் ஆப்பில் பத்துப் பதினைந்து அளவுகளை ஒன்றாகப் பதிவு செய்தேன். விலை குறைந்த புளூடூத் கருவி ஒவ்வொன்றாகத்தான் ஈசியூவிடம் கேட்டு வாங்கும். பத்து அளவு கேட்டால் ஒவ்வொன்றும் இரண்டு விநாடிக்கு ஒரு முறைதான் வரும். ஏழு விநாடி ஓட்டத்தில் எம்ஏபி மூன்று நான்கு புள்ளிகள். உச்சம் அவற்றுக்கு நடுவே நழுவிவிடும். ஒரு நாள் 221, மறுநாள் 234, மூன்றாம் நாள் 226 என்று வந்து என்னை அலைக்கழித்தது இதுதான். இப்போது ஆர்பிஎம், எம்ஏபி, இன்டேக் சூடு, இந்த மூன்றுதான். எண்கள் அதன் பிறகு ஒழுங்காக வருகின்றன.

உச்சத்தை மட்டும் குறித்துக்கொண்டிருந்த எனக்கு அண்ணன் இன்னொன்றையும் குறிக்கச் சொன்னார்: எத்தனை ஆர்பிஎம்மில் எம்ஏபி 200ஐத் தொடுகிறது? "உச்சத்தை எப்படியாச்சும் தொட்டுருமுங்க. எப்ப தொடுதுங்கறதுலதான் சூட்சுமமே இருக்கு" என்றார். என் வண்டி நல்ல நிலையில் 1,980 வாக்கில் தொடும். அதை ஒரு நோட்டில் தேதி, கிலோமீட்டர், காலை வெப்பம் எல்லாம் சேர்த்து எழுதி வருகிறேன். இரண்டு வருடம் அது 1,950க்கும் 2,020க்கும் நடுவிலேயே இருந்தது. 1,08,000 கிலோமீட்டரில் 2,110. அதற்கு அடுத்த முறை 2,250. உச்சம் 231, 230. உச்சம் நன்றாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிட்டேன். அன்றைக்கே பானெட்டைத் திறந்திருக்க வேண்டும்.

வால்பாறைக்கு அம்மாவையும் அத்தையையும் கூட்டிப்போனது அதற்கு மூன்று வாரம் கழித்து. ஆழியாற்றிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் காட்சி முனையில் இறங்கி அணையைப் பார்த்துவிட்டு மறுபடி ஏறியபோதுதான் பின் சீட்டிலிருந்து அம்மா சொன்னார்: "ஏப்பா, குக்கர்ல விசில் வர்றதுக்கு முன்னாடி உஸ்ஸுன்னு ஒரு சத்தம் வருமே, அந்த மாதிரி கேக்குது."

எனக்கு அதற்கு முன்பே கேட்டிருக்கிறது. டர்போ சத்தம் என்று நினைத்துக்கொண்டேன். அது மிதிக்கும்போது மட்டும் வந்தது, காலை எடுத்தால் நின்றது. பதினான்காவது வளைவைத் தாண்டி ஒரு பஸ்ஸுக்கு வழி விட்டு மறுபடி மிதித்தபோது டப்பென்று ஒரு சத்தம். பின்னால் கருப்புப் புகை. என்ஜின் விளக்கு எரிந்தது. வண்டி தன்னைக் காத்துக்கொள்ளச் சக்தியைக் குறைத்துக்கொள்ளும் லிம்ப் மோடுக்குப் போய்விட்டது. எவ்வளவு மிதித்தாலும் 3,000 ஆர்பிஎம்மைத் தாண்டவில்லை. ஓரம் கட்டி ஆப்பில் பார்த்தேன். பிழைக் குறியீடு பி0299, பூஸ்ட் போதவில்லை. பதிவில் எம்ஏபி 150ஐக்கூடத் தொடவில்லை.

ஏறிப் பார்க்கலாம் என்று ஒரு நிமிடம் நினைத்தேன், நல்லவேளை, ஏறவில்லை. காற்று வெளியே ஓடிக்கொண்டிருக்கும்போது ஈசியூ கேட்ட அழுத்தத்தைக் கொண்டுவர டர்போ அளவுக்கு மீறிச் சுற்றும். அப்படியே மலை ஏறினால் நல்ல டர்போவும் போய்விடும். வண்டியைத் திருப்பி, இரண்டாவது கியரில், என்ஜின் பிரேக்கிலேயே ஆழியாறு வரை இறங்கினோம். அத்தை வழியெல்லாம் மாசாணியம்மனை வேண்டிக்கொண்டே வந்தார்.

மறுநாள் அண்ணன் பட்டறையில் இன்டர்கூலரிலிருந்து என்ஜினுக்குப் போகும் ரப்பர் ஹோஸைத் தொட்டுப் பார்த்ததுமே சொல்லிவிட்டார். அடிப்பக்கம், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், நாலு சென்டிமீட்டர் நீளத்துக்குப் பிளந்திருந்தது. ஐடிலில் அந்தப் பிளவு மூடிக்கொண்டிருக்கும். உள்ளே அழுத்தம் ஏறினால்தான் உதடு மாதிரி விரியும். ஹோஸுக்குள் மெல்லிய ஆயில் படலம் இருப்பது இயல்புதான், என்ஜின் மூச்சுக் குழாயிலிருந்து வருவது. ஆனால் வெளிப்பக்கம் ஒரே இடத்தில் ஆயில் ஈரமும் தூசியும் அப்பியிருந்தால் அங்கே காற்று கசிகிறது என்று பொருள். மாதக்கணக்கில் அது அங்கே அப்பியிருந்திருக்கிறது.

மூன்று வாரம் முன்பு உச்சம் ஏன் 230 வந்தது என்று கேட்டேன். இந்த வண்டியில் இருப்பது விஜிடி டர்போ. புகைக்காற்று டர்பைனில் மோதும் வழியில் சின்னச் சின்ன இறகுகள் இருக்கும். அவற்றின் கோணத்தை மாற்றி டர்போவின் வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். கசிவு சிறிதாக இருந்தவரை ஈசியூ இறகுகளை இன்னும் இறுக்கி, டர்போவை வேகமாகச் சுற்றவைத்து, கேட்ட அழுத்தத்தை எப்படியோ கொண்டுவந்துவிட்டது. உச்சம் மாறவில்லை. ஆனால் குறைந்த ஆர்பிஎம்மில் புகைக்காற்றே குறைவு. அங்கே இறகை எவ்வளவு இறுக்கினாலும் ஈடுகட்ட முடியாது. அதுதான் 1,980 என்பது 2,250 ஆனது. கருப்புப் புகைக்கும் காரணம் சொன்னார். ஏர் ஃபில்டரைத் தாண்டியதுமே எம்ஏஎஃப் சென்சார் காற்றை எண்ணிவிடுகிறது, அதை நம்பி டீசல் பீய்ச்சப்படுகிறது. எண்ணப்பட்ட காற்று வழியில் வெளியேறிவிட்டால் டீசலுக்குக் காற்று போதாமல் புகையாகிறது.

ஹோஸ் 2,800 ரூபாய், கூலி 600. புது ஹோஸ் மாட்டியதும் அண்ணன் இன்னொரு சோதனையும் செய்து காட்டினார். ஏர் ஃபில்டர் பக்கக் குழாயை ஒரு அடைப்பானால் மூடி, அதில் டயர் வால்வு வைத்து, கம்ப்ரஸரில் மெதுவாகக் காற்று ஏற்றி, எல்லா இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவினார். நுரை கொப்பளித்தால் கசிவு. 10 பிஎஸ்ஐக்கு மேல் அவர் ஏற்றவில்லை. அதிகமானால் அடைப்பான் துப்பாக்கிக் குண்டு மாதிரி கிளம்பி முகத்தில் அடிக்கும், ஆயில் சீல்களும் கெடும். வீட்டில் செய்து பார்க்க நினைப்பவர்கள் இதை மறந்துவிட வேண்டாம். எங்களுக்கு இன்டர்கூலர் கீழ்ப்பக்கக் கிளாம்ப் ஒன்றிலும் சின்னதாக நுரை வந்தது. கிளாம்பை இறுக்கியதும் நின்றது.

பூஸ்ட் குறைந்தால் உடனே டர்போவையோ ஹோஸையோ சந்தேகிப்பதும் சரியில்லை என்பதை என் மைத்துனர் வண்டி காட்டியது. அவர் திருப்பூரில் சரக்கு எடுத்துக்கொண்டு தினமும் ஓடுபவர். ஐந்தாவது கியரில் மேடு ஏறவில்லை, எம்ஏபி 180ஐத் தாண்டவில்லை. எல்லா ஹோஸும் சரி, டர்போ இறகுகளை அசைக்கும் ஆக்சுவேட்டரும் சரி, அதற்கு வேக்கம் கொண்டுபோகும் சின்னக் குழாய்களும் சரி. ஸ்கேனரில் இன்ஜெக்டர்களுக்கு டீசல் கொடுக்கும் ரெயில் என்ற குழாயின் அழுத்தத்தைப் பார்த்தபோது அதுவும் கேட்டதைவிட மிகவும் குறைவாக இருந்தது. டீசல் ஃபில்டர் அடைத்திருந்தது. டர்போவைச் சுற்றுவது புகைக்காற்றின் சக்தி. டீசல் சரியாக எரியாவிட்டால் புகைக்காற்றில் வலு இல்லை, டர்போ சுற்றாது, பூஸ்ட் வராது. பூஸ்ட் குறைந்தது நோயின் அடையாளம், நோய் ஃபில்டரில். 900 ரூபாயில் முடிந்தது.

சக்தியைக் கூட்ட டியூனிங் பாக்ஸ் மாட்டிய வண்டிகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. சில பாக்ஸ்கள் சென்சாருக்கும் ஈசியூவுக்கும் நடுவில் உட்கார்ந்து, உண்மையான அழுத்தத்தைவிடக் குறைத்துச் சொல்லும். ஈசியூ போதவில்லை என்று நினைத்து இன்னும் ஏற்றும். ஓபிடியில் நீங்கள் பார்ப்பதும் அந்தக் குறைத்துச் சொன்ன எண்தான். அப்படிப்பட்ட வண்டியில் ஹோஸில் நேரடியாகக் குழாய் இணைத்த மெக்கானிக்கல் மீட்டரைத் தவிர வேறு எதையும் நம்பக் கூடாது. இரண்டாம் கை டர்போ வண்டி வாங்கும்போது பானெட்டைத் திறந்து எம்ஏபி சென்சார் வயரிலும் ரெயில் சென்சார் வயரிலும் வெளி இணைப்பு ஏதாவது செருகியிருக்கிறதா என்று பாருங்கள்.

டர்போ பெட்ரோல் வைத்திருப்பவர்களுக்கு நான் சொன்னதில் ஒன்று மட்டும் தலைகீழ். அங்கே திராட்டில் வால்வு காற்றை அடைக்கும், ஆகவே ஐடிலில் எம்ஏபி 30, 40 என்று கீழே இருப்பதுதான் ஆரோக்கியம். சூடான என்ஜின் ஐடிலில், ஏசி அணைத்திருக்கும்போதும், 60, 65 காட்டினால் அங்கே வேக்கம் கசிவைத் தேட வேண்டும். பாதி மிதியில் பூஸ்ட் குறைவாக இருப்பதும் கோளாறில்லை. கேட்ட அளவுக்குத்தான் கொடுக்கும்.

ஹோஸ் மாற்றிய அடுத்த ஞாயிறு பைபாஸ் போனேன். 200ஐத் தொட்டது 1,970இல். உச்சம் 234, இன்டேக் 46 டிகிரி.

போன மாதம் அம்மாவும் அத்தையும் மறுபடி கிளம்பினார்கள். இந்த முறை நாற்பது வளைவும் ஏறினோம். அம்மா ஒன்பதாவது வளைவிலிருந்தே காதைத் தீட்டிக்கொண்டு வந்தார். குக்கர் சத்தம் வரவில்லை. வால்பாறையில் டீக்கடை ஓரமாக வண்டியை நிறுத்தினேன். எல்லாரும் இறங்கியதும் சாவியை மட்டும் போட்டுப் பார்த்தேன். எம்ஏபி 89, வெளிக்காற்று 89.